நான்காவது வாரத்திலும் ரத்தத்தில் வைரஸ்... ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையில் பயப்பட வேண்டுமா?

ஹெபடைட்டிஸ் சி-க்கு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருப்பார். 'இந்நேரம் எல்லாம் சரியாகியிருக்கும்' என்ற நம்பிக்கையோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுப்பார். இரண்டு நாள் கழித்து மொபைலுக்கு ரிப்போர்ட் வரும். அதில் 'வைரஸ் கண்டறியப்பட்டது' என்று ஒரு வரி. அவ்வளவுதான்... வீடே ஆடிப்போய்விடும்.

"இவ்வளவு நாள் சாப்பிட்டும் போகலையே, மாத்திரை சரியில்லையோ?" என்று மனைவி கலங்குவார். "வேற டாக்டரைப் பார்ப்போம் மாமா" என்பார் மைத்துனர். "மாத்திரையை நிறுத்திட்டு நாட்டு மருந்து கொடுத்துப் பாருங்க" என்று அக்கம்பக்கத்திலிருந்தும் யோசனை வரும். உண்மையான ஆபத்து அந்தக் கடைசி யோசனையில்தான் இருக்கிறது. குணமாகிக்கொண்டிருக்கும் ஒருவரை, பாதி வழியிலேயே இறக்கிவிடுகிற யோசனை அது.

சிலருக்கு வைரஸ் இரண்டே வாரத்தில் மறைந்துவிடும். சிலருக்கு மெதுவாகத்தான் இறங்கும். மெதுவாக இறங்குவது வேறு, சிகிச்சை தோற்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

சத்தமில்லாமல் இருக்கும் வைரஸ்

ஹெபடைட்டிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ். ரத்தத்தின் மூலம் பரவுவது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, சரியாகச் சுத்தம் செய்யாத மருத்துவக் கருவிகள், பச்சை குத்தும் ஊசி, டயாலிசிஸ் செய்யும் இடத்தில் கவனக்குறைவு என்று பல வழிகளில் உடலுக்குள் வரலாம். ரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனை கட்டாயமாவதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

கல்லீரல் நோய் என்றதும் நமக்கு மஞ்சள் காமாலைதான் நினைவுக்கு வரும். ஆனால், ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலானவர்களுக்குக் காமாலையாக வெளியே தெரிவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு ஆறு மாதங்களுக்குள் அது தானாகவே போய்விடுகிறது. மீதி 70 சதவிகிதம் பேரின் உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. 20 வருடங்கள் வரை எந்தத் தொந்தரவும் தெரியாமல்கூட இருக்கலாம். அதற்குள் கல்லீரல் சுருங்கித் தழும்பாகும் 'சிரோசிஸ்' நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அதிலிருந்து கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு.

2022-ம் ஆண்டு நிலவரப்படி உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேர் இந்தத் தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இன்றைய மாத்திரைகளால் 95 சதவிகிதத்துக்கும் அதிகமானவர்களை முழுமையாகக் குணப்படுத்த முடியும். வைரஸ் நோய்களில் இப்படி அடியோடு குணமாக்க முடிகிற நோய்கள் மிகக் குறைவு.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனைக்கு 'வைரல் லோடு' என்று பெயர். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை சர்வதேச யூனிட் என்று அதில் குறிப்பிடுவார்கள். சிகிச்சைக்கு முன்பு இந்த எண் லட்சக்கணக்கில் இருப்பது சாதாரணம். எண் பெரியது என்பதற்காகக் கல்லீரல் அதிகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லீரலின் நிலையை வேறு ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும்தான் சொல்லும்.

ஒருவருக்குச் சிகிச்சைக்கு முன் வைரல் லோடு 32,00,000 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வாரத்தில் 320 என்று வருகிறது. 'இன்னும் 320 இருக்கிறதே' என்று கவலைப்படுவார் அவர். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள்... 10,000-ல் ஒரு பங்குதான் மிச்சம். அதாவது 99.99 சதவிகிதம் போய்விட்டது!

ரிப்போர்ட்டில் 'லாக்' என்றொரு சொல் வரும். ஒரு லாக் குறைந்தது என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று பொருள். இரண்டு லாக் என்றால் நூறில் ஒரு பங்கு. நான்கு லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலே சொன்னவருக்கு நான்கு லாக் இறங்கியிருக்கிறது.

இன்னொரு வரியும் பலரைக் குழப்பும். 'கண்டறியப்பட்டது, ஆனால் 15-க்குக் கீழ்' என்று வரலாம். வைரஸின் தடயம் தென்படுகிறது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். இந்த எல்லை சில லேப்களில் 15, சிலவற்றில் 25 என்று மாறும். அதனால், முதல் பரிசோதனையை எந்த லேபில் எடுத்தீர்களோ, முடிந்தவரை அதே லேபில் அடுத்ததையும் எடுப்பது நல்லது.

ஏன் சிலருக்கு மெதுவாக இறங்குகிறது?

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால், மோட்டார் ஓடுவதால் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் தொட்டி சீக்கிரம் காலியாகும். ஹெபடைட்டிஸ் சி-யிலும் இப்படித்தான். தொற்றுள்ள ஒருவரின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ் துகள்கள் உற்பத்தியாகின்றன என்று 1998-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ரத்தத்தில் சுற்றும் துகள்களில் பாதி மூன்று மணி நேரத்துக்குள்ளாகவே அழிந்துவிடுவதையும் அந்த ஆய்வு காட்டியது. அழிய அழியப் புதிது வருவதால்தான் எண் குறைவதில்லை.

மாத்திரை அந்த மோட்டாரை நிறுத்துகிறது. அதனால் முதல் இரண்டு நாளிலேயே வைரஸ் அளவு சடாரென்று விழும். இது முதல் கட்டம். இதற்குப் பிறகுதான் இரண்டாவது கட்டம். ஏற்கெனவே வைரஸ் குடியேறிவிட்ட கல்லீரல் செல்கள் ஒவ்வொன்றாகச் சுத்தமாக வேண்டும் அல்லது அழிந்து அவற்றின் இடத்தில் புதிய செல்கள் வர வேண்டும். இது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குச் சில நாள், சிலருக்குப் பல வாரம். 'மெதுவான வைரஸ் இறக்கம்' என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தைத்தான்.

ஆரம்பத்தில் வைரல் லோடு மிக அதிகமாக இருந்தவர்கள், சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் போன்றோருக்கு இந்த இறக்கம் மெதுவாக இருக்கலாம். இந்த வைரஸில் பல மரபணு வகைகள் உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது மூன்றாம் வகை. சிரோசிஸும் மூன்றாம் வகையும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சிகிச்சையில் கூடுதல் கவனம் தேவைப்படும்.

பயம் எங்கிருந்து வந்தது?

நான்காவது வார ரிப்போர்ட்டைப் பற்றிய பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. மாத்திரைகள் வருவதற்கு முன்பு, வாரம் ஒரு 'இன்டர்ஃபெரான்' ஊசியும் தினசரி 'ரிபாவிரின்' மாத்திரையும்தான் சிகிச்சை. மரபணு வகையைப் பொறுத்து 24 வாரங்கள் அல்லது 48 வாரங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், உடல் வலி, முடி கொட்டுதல், ரத்தசோகை, மன அழுத்தம் என்று பக்கவிளைவுகள் வாட்டி எடுத்துவிடும். அவ்வளவும் தாங்கினாலும், முதல் வகை வைரஸ் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பலன் கிடைத்தது.

அந்தக் காலத்தில் நான்காவது, பன்னிரண்டாவது, இருபத்து நான்காவது வாரப் பரிசோதனைகள் பரீட்சை முடிவு மாதிரி. நான்காவது வாரத்திலேயே வைரஸ் மறைந்துவிட்டால் நல்ல அறிகுறி. 12 வாரத்தில் இரண்டு லாக்காவது இறங்கவில்லை என்றால் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்கள். 12-வது வாரத்தில் ஓரளவு இறங்கி, 24-வது வாரத்தில்தான் முழுமையாக மறைகிறவர்களை 'மெதுவாகப் பலன் காட்டுபவர்கள்' என்று வகைப்படுத்தினார்கள். முதல் வகை வைரஸ் உள்ளவர்களாக இருந்தால், அவர்களுக்கு 48 வாரத்துக்குப் பதில் 72 வாரம் வரை சிகிச்சையை நீட்டித்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருடம்!

வைரஸை நேரடியாகத் தாக்கும் 'சோஃபோஸ்புவிர்' மாத்திரைக்கு 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 12 வாரச் சிகிச்சைக்கு அங்கே வைக்கப்பட்ட விலை 84,000 டாலர். 2014-ல் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலிருந்து இங்கேயே குறைந்த விலையில் கிடைக்க ஆரம்பித்தது. ஊசி போய் மாத்திரை வந்தது. ஆனால், 'நாலாவது வாரத்துல போகலைன்னா கஷ்டம்' என்ற பழைய பேச்சு மட்டும் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

இப்போது எது முக்கியம்?

இன்றைய சிகிச்சையில் நான்காவது வார எண் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் வைரஸ் மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானோர், கோர்ஸை முழுமையாக முடித்துக் குணமாகியிருக்கிறார்கள். மாத்திரை முடிகிற நாளில்கூட மிகக் குறைந்த அளவில் வைரஸின் தடயம் தெரிந்து, பிறகு அதுவும் மறைந்து குணமானவர்கள் உண்டு. மிச்சமிருப்பது பெருகும் சக்தியில்லாத துணுக்குகளாக இருக்கலாம், அவற்றை உடலின் எதிர்ப்பு சக்தியே துடைத்துவிடலாம் என்பது மருத்துவ உலகம் தரும் விளக்கம்.

அதனால்தான் சிகிச்சைக்கு நடுவில் வைரல் லோடு பார்ப்பதையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள். உங்கள் டாக்டர் நான்காவது வாரப் பரிசோதனை எழுதித் தரவில்லை என்றால், அவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

உண்மையான 'பாஸ்' எப்போது? மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடு பரிசோதனையில்தான். அப்போதும் வைரஸ் இல்லை என்றால், அதைத்தான் 'குணமாகிவிட்டது' என்று அறிவிப்பார்கள். பொங்கலன்று 12 வார மாத்திரையை ஆரம்பித்தால், தமிழ்ப் புத்தாண்டுக்குள் மாத்திரை முடிந்துவிடும். இறுதிப் பரிசோதனை ஜூலை முதல் வாரத்தில், ஆடி பிறப்பதற்கு முன். நடுவில் எந்த ரிப்போர்ட் வந்தாலும், அந்த ஜூலை ரிப்போர்ட்தான் தீர்ப்பு. 'மாத்திரைதான் முடிந்துவிட்டதே' என்று பலர் தவறவிடுவதும் இந்தப் பரிசோதனையைத்தான்.

எப்போது கவனிக்க வேண்டும்?

பயப்பட வேண்டாம் என்றால் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இறங்கிக்கொண்டிருந்த எண் திரும்ப ஏறினால், அதுவும் பத்து மடங்குக்கு மேல் ஏறினால், டாக்டர் உடனடியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். எண் இறங்கவே இல்லை என்றாலும் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

*முதலாவது, விட்டுப்போன மாத்திரைகள்.* ஊருக்குப் போனது, விரதம், கல்யாண வேலை என்று சில நாள் விட்டுப்போயிருக்கலாம். டாக்டரிடம் மறைக்காதீர்கள். உண்மை தெரியாமல் அவர் மருந்தையே மாற்ற நேரிடலாம். ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தவுடன் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மாத்திரை சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இரண்டாவது, கூட எடுக்கும் மற்ற மருந்துகள்.* காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவை ஹெபடைட்டிஸ் சி மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப்போடும் 'கேஸ் மாத்திரை'யும் வில்லன்தான். ஓமிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகள், 'வெல்பட்டாஸ்விர்' என்ற மருந்தை உடல் உறிஞ்சவிடாமல் செய்யும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுபவர்கள் சோஃபோஸ்புவிரைச் சேர்த்து எடுத்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கீழாநெல்லி, லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அவற்றை எடுப்பது கண்டிப்பாகக் கூடாது.

*மூன்றாவது, கல்லீரலின் நிலை.* சிரோசிஸ் இருப்பது சிகிச்சைக்கு முன்பு தெரியாமல் போயிருக்கலாம். அப்படியென்றால் மருந்தும் காலமும் மாற வேண்டியிருக்கும். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிருடன் 'டக்ளாடஸ்விர்' 12 வாரம் என்பது நம் நாட்டின் வழக்கமான சிகிச்சை. சிரோசிஸ் இருந்தால் வெல்பட்டாஸ்விர். வயிற்றில் நீர் கோத்தல் போன்ற தீவிர நிலையில், ரிபாவிரினையும் சேர்ப்பார்கள். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாவிட்டால் சிகிச்சை 24 வாரமாக நீளும். ரிபாவிரின் எடுக்கும்போதும், முடித்து ஆறு மாதம் வரையும் கணவன், மனைவி இருவரில் யார் நோயாளியாக இருந்தாலும் கர்ப்பம் கூடாது. கருவைப் பாதிக்கும் மருந்து அது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குறிப்பு. வைரஸ் குறையக் குறைய, சிலருக்குச் சர்க்கரை அளவும் இறங்கும். பழைய டோஸிலேயே சர்க்கரை மருந்து எடுத்தால் 'லோ சுகர்' ஆகிவிடலாம். வீட்டில் அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை தோற்றுவிட்டால்?

நூறில் ஒரு சிலருக்கு இறுதிப் பரிசோதனையிலும் வைரஸ் இருக்கலாம். அவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. வேறு மருந்துக் கூட்டணியில் அல்லது நீண்ட கால அளவில் மறுபடியும் சிகிச்சை தர முடியும். அப்படி மறுசிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

செலவை நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. 2018 ஜூலை 28, உலக ஹெபடைட்டிஸ் தினத்தன்று மத்திய அரசு 'தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்ட'த்தைத் தொடங்கியது. இதன்கீழ் உள்ள சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முதல் முறை குணமாகாதவர்கள், சிரோசிஸ் முற்றியவர்கள் போன்ற சிக்கலான நோயாளிகளைக் கவனிக்க 'மாதிரி சிகிச்சை மையங்கள்' இருக்கின்றன. உங்கள் பகுதிக்கான மையம் எது என்று அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

குணமான பிறகும் மறக்கக் கூடாதவை

குணமான பிறகு வேறு ஒரு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்யும்போது, 'ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று வரும். மறுபடியும் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆன்டிபாடி என்பது வைரஸ் ஒரு காலத்தில் வந்துபோனதற்கான அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க இருக்கும். வைரஸ் இருக்கிறதா என்பதை வைரல் லோடு பரிசோதனைதான் சொல்லும். ஆபரேஷன், வேலைக்கான மருத்துவப் பரிசோதனை போன்ற சமயங்களில் காட்டுவதற்காக, இறுதி ரிப்போர்ட்டை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிரோசிஸ் வந்தவர்கள், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர, முழுதாகப் போய்விடாது. மதுவை அடியோடு விட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஒருமுறை குணமானவருக்கும் மறுபடி வரலாம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, சி-க்கான சிகிச்சையின்போது அது தலைதூக்கலாம். அதனால்தான் மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே பி-க்கான பரிசோதனையும் செய்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால், கட்டிப்பிடிப்பதால், பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதால் ஹெபடைட்டிஸ் சி பரவாது. தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். ரேஸர், நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருந்தால் போதும். கணவன், மனைவி, பிள்ளைகள் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூறில் ஐந்து, ஆறு பேருக்கு இருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவருக்கு வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, ரிப்போர்ட்டைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லாமல் இருப்பதுதான். தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டோடோ காலை டிபனோடோ, "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காலண்டரில் தினமும் ஒரு டிக் போடுங்கள். 84 டிக் விழுந்த பிறகு, இன்னும் 12 வாரம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். டாக்டர் 'குணமாகிவிட்டது' என்று சொல்லப்போவது அந்தத் தேதிக்குப் பிறகுதான்.